முப்பது லட்சம் சம்பளத்தில் மிச்சம் பதினோராயிரம்

தல்லாகுளம், மதுரை
ஆடி 9, சனிக்கிழமை

அன்பு மகன் முத்துக்குமரனுக்கு அம்மா முனீஸ்வரி எழுதிக்கொள்வது. கருப்பசாமி புண்ணியத்தில் இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால்வலி, எனக்கு உன் அப்பா, இதைத் தவிர வேறு குறை இல்லை. நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் "சூப்பரா இருக்கேம்மா" என்பாய். உனக்கு ரத்த அழுத்தம் நூற்றைம்பது என்று உன் அக்கா நாகஜோதி ஏற்கெனவே என்னிடம் உளறிவிட்டாள், அவளைத் திட்டாதே. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசலாம் என்றால் நீ எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறாய், இல்லாத நேரத்தில் உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்றால் அதில் பதினாறு பேர் இருக்கிறார்கள், அதில் பதினோரு பேருக்கு இந்தச் சங்கதி தெரியவே கூடாது. தினமும் தபால் ஆபீசுக்குப் போகிறவள்தானே, ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி, கடைசிவரை படி, நடுவில் கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்து படி.

நீ அனுப்பிய எக்செல் தாள் கிடைத்தது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். சம்பளத்தில் எம்புட்டு மிச்சம் பிடிக்கிறாய் என்று நான் நாலு மாதமாக நச்சரித்ததற்கு நீ பதில் சொல்லாமல் இருந்தபோது, ஏதோ பெரிய தொகை, திருஷ்டி பட்டுவிடும் என்று மறைக்கிறாய் என்றுதான் நினைத்தேன். என் கணக்கு எளிமையானது. முப்பது லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் இரண்டரை லட்சம். ஒண்டிக்கட்டை, குடிப்பழக்கம் இல்லை, வாரத்தில் நாலு நாள் கம்பெனியே ஓட்டலில் தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறது, அப்படியென்றால் ஐம்பதாயிரம் செலவு, இரண்டு லட்சம் சேமிப்பு. இருபத்திரண்டு வருடமாக ஊர்ப் பணத்தை வாங்கித் தபால் ஆபீசில் ஆர்.டி. போட்டுக்கொடுக்கிற எனக்கு இந்தக் கணக்குக்குப் பேப்பர்கூடத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் மனதில் மட்டும் வைத்திருந்தாலும் பரவாயில்லை. கோர்ட்டில் டவாலி முதல் ஹெட் கிளார்க் வரை, ஆர்.டி. பணம் வாங்கப் போன மேசையிலெல்லாம், என் மகன் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட், மாதம் இரண்டு லட்சம் சேமிக்கிறான், உங்களால் இரண்டாயிரம் முடியாதா என்று கேட்டே இந்த வருடம் அறுபத்துமூன்று புதுக் கணக்குப் பிடித்திருக்கிறேன். கீழ்வீட்டு ராதாமணி அக்கா உன்னைப் பார்த்துத்தான் தன் மகள் இந்துப்ரியா பெயரில் ஆயிரமாக இருந்த ஆர்.டி.யை ஐயாயிரமாக ஏற்றினார்கள். இப்போது அவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டாலே நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

தாளின் முதல் வரியிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. முப்பது லட்சம் என்று ஊரெல்லாம் சொன்னதில் நாலு லட்சம் சேரும்போது ஒரே தடவை கொடுத்த போனஸாம், இன்னொரு நாலு லட்சம் மேலதிகாரிக்கு மனசு குளிர்ந்தால் வருடக் கடைசியில் கொடுப்பார்களாம். மனசு குளிர்ந்தால் கொடுப்பதைச் சம்பளத்தில் சேர்த்துச் சொல்கிறவன் உன் கம்பெனிக்காரன்தான். எங்கள் ஊர்க் கூட்டுறவு சொசைட்டியில் வந்த லாபத்தையே எழுத யோசிப்பார்கள். சரி, மீதி இருபத்திரண்டில் வருமான வரி போக, பி.எஃப். உன் பங்கு போக, கம்பெனி பங்கையும் உன் பணத்திலேயே பிடித்தது போக, கைக்கு வருவது ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம். படிப்புக் கடன் தவணை நாற்பத்து நாலாயிரம். அது நியாயம், அந்தப் படிப்புக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதே நான்தான். வாடகையில் உன் பங்கு முப்பத்தைந்தாயிரம். ஏண்டா குமரா, திங்கள் விடிவதற்குள் விமானம் ஏறி வியாழன் இரவு திரும்பி வருகிறாய், நீ படுக்கிற நட்சத்திர ஓட்டலுக்குக் கம்பெனி பணம் கட்டுகிறது, நீ படுக்காத கட்டிலுக்கு நீ முப்பத்தைந்தாயிரம் கட்டுகிறாய். கம்பெனிகளுக்குப் போய் எங்கே காசு வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் உன் வேலை என்று நீதானே எனக்கு விளக்கினாய்? அடுத்து, இதர செலவு இருபத்தாறாயிரம். அதை நீ பிரித்துக் காட்டியிருக்கவே வேண்டாம். ஒரு காபி முந்நூற்றிருபது. ஒரு சட்டை தேய்க்கத் தொண்ணூறு. ஷூ ஒன்பதாயிரம், அதுவும் தவணையில். கூட வேலை பார்க்கிறவர்களுக்குப் பிறந்தநாள் வந்தால் ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு, அந்த ஆபீசில் பிறந்தநாள் இல்லாத வாரமே கிடையாதா? பிறகு வீட்டுக்கு அனுப்புவது இருபத்தைந்தாயிரம். எல்லாம் கழித்துக் கடைசிக் கட்டத்தில் மஞ்சள் வண்ணம் அடித்து நீ போட்டிருந்த தொகை பதினோராயிரம். அதைப் பார்த்ததும் கோர்ட்டில் டவாலி காளை போடுகிற ஆர்.டி.தான் ஞாபகம் வந்தது. அவர் பன்னிரண்டாயிரம் போடுகிறார்.

உன் அப்பாவிடம் காட்டாமல் இருக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன், முடியவில்லை, காட்டினேன். பேரையூர் பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவர் அல்லவா, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை ஒவ்வொரு வரியிலும் வைத்து, டிக்கெட் கணக்குச் சரிபார்ப்பது போல இரண்டு தடவை கூட்டினார். தப்பிருக்கும் என்று நம்பித்தான் கூட்டினார். தப்பில்லை. "இம்புட்டுத்தானா மிஞ்சுது புள்ளைக்கு" என்றார். அதற்குப் பிறகு தாளின் அடியில் நீ சின்ன எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். நீ வாராவாரம் போய்த் தங்குகிற நூல் மில்லில் ஆள் குறைக்க நூற்று நாற்பது பேர் கொண்ட பட்டியலை நீதான் தயாரிக்கிறாய் என்பதும், தினமும் உனக்கு மோர் கொண்டுவந்து கொடுக்கிற மேஸ்திரியின் பெயரும் அதில் இருக்கிறது என்பதும், ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்பதும், ஓசூரில் பாதிச் சம்பளத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்பதும், ஆனால் இரண்டு வருடம் முடியாமல் விலகினால் அந்த நாலு லட்சம் போனஸைத் திருப்பிக் கட்டினால்தான் விடுவார்கள் என்பதும். அதன் கீழே, "அம்மா, நான் அனுப்பிய பணத்தில் முக்கால்வாசியை எப்படியும் என் பெயரில் ஆர்.டி. போட்டிருப்பாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், அதை எடுத்துக்கொடுத்தால் மீதியை நண்பர்களிடம் புரட்டிக்கொள்வேன்" என்று எழுதியிருந்தாய். உன் அப்பா தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

உன் அக்கா மாமியார் வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது, சீம்பால் கொடுத்துவிட்டார்கள். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி மாற்றியாகிவிட்டது. என் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டேன். இப்படியே இன்னும் ஒரு பக்கம் என்னால் எழுத முடியும், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குமரா, உன் பெயரில் ஆர்.டி. இல்லை. ஒரு ரூபாய்கூட இல்லை. நீ பதின்மூன்று மாதமாக அனுப்பிய மூன்று லட்சத்து இருபத்தைந்தாயிரத்தில் நாற்பத்தொன்பதாயிரத்துக்கு வாஷிங் மெஷினும் உன் அப்பாவுக்கு முழங்கால் வைத்தியமும் ஆயிற்று. மீதி இரண்டு லட்சத்து எழுபத்தாறாயிரமும் மொய்யாகப் போய்விட்டது. தண்ணீர் குடிக்கச் சொன்னேனே, அதை இப்போது குடி.

நடந்தது இதுதான். உன் முதல் மாதப் பணம் வந்த வாரம் பேரையூரில் ஒரு கல்யாணம். உன் அப்பா வழக்கமாக ஐந்நூற்றொன்று எழுதுகிறவர், அன்றைக்கு உன் பெயரில் ஐயாயிரத்தொன்று எழுதினார். மொய் எழுதுகிற மேசையில் இப்போதெல்லாம் கம்ப்யூட்டர், ரசீது அடித்து வருகிறது, பக்கத்தில் ஒருவர் மைக்கில் வாசிக்கிறார். "ரிட்டயர்டு கண்டக்டர் மொக்கையன் அவர்கள் மகன், பம்பாய் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட் முத்துக்குமரன் அவர்கள், மொய் ரூபாய் ஐயாயிரத்து ஒன்று" என்று நாலு ஸ்பீக்கரில் மண்டபமே அதிர வாசித்தார்கள். பந்தியில் பாதி பேர் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். உன் அப்பாவுக்கு அந்த ருசி பிடித்துவிட்டது. அவர் மேல் மட்டும் பழி போட்டு நான் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். எனக்கும் புல்லரித்தது உண்மை, இன்னொரு தடவை வாசிக்க மாட்டார்களா என்று இருந்தது உண்மை. அதற்குப் பிறகு அந்த ரூட்டில் பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் விசேஷம், ஒருவரும் எங்களை விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை, மொத்தம் முப்பத்தொன்பது விசேஷம். நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். மாதம் இரண்டு லட்சம் மிச்சம் பிடிக்கிற பிள்ளை, அவன் அனுப்புகிற இருபத்தைந்தாயிரம் அவனுக்குச் சில்லறை, அது வந்த வழியில் போனால் என்ன என்று நினைத்தேன். ஊரில் ஒருத்தர் ஐந்நூறு ரூபாயை வெளியே விட்டால் துரத்திப் பிடித்து ஆர்.டி.யில் போடுகிறவள், என் வீட்டுப் பணத்தை மைக் செட்டில் போட்டேன். உண்மையில் அந்த இருபத்தைந்தாயிரம்தான் உன் சேமிப்பே என்று தெரிந்திருந்தால் ஒரு மண்டபத்துப் படியும் மிதித்திருக்க மாட்டேன். இதை எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது. என்னை மன்னித்துவிடு.

ஆனால் மொய் என்பது தொலைந்த பணம் இல்லை, உனக்கு இது தெரியும், உன் பம்பாய் நண்பர்களுக்குத்தான் புரியாது. வாங்கியவர்கள் எல்லோரும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் விசேஷம் வைத்தால் வாங்கியதற்கு மேல் ஏதாவது கூட்டித்தான் திருப்பி எழுதுவார்கள், எழுதாதவன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. முப்பத்தொன்பது ரசீதையும் உன் அப்பா தன் பழைய கண்டக்டர் பையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். ஆகவே உன் பணம் பேரையூர் தாலுகா முழுவதும் பத்திரமாக இருக்கிறது, எடுப்பதற்கு வழிதான் இல்லை. நம் வீட்டில் விசேஷம் வைத்தால்தான் வரும். நாகஜோதி கல்யாணம் முடிந்துவிட்டது, வீடு கட்டி வருடமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா முத்துக்கருப்பன் திருமங்கலத்திலிருந்து வந்தார், நாகஜோதி போனில் இருந்தாள், நாலு பேரும் பேசினோம். உன் அப்பா எடுத்த எடுப்பில் "அவனுக்குக் கல்யாணத்த வச்சுருவோம்" என்றார். நாலு லட்ச ரூபாய்க்காக ஒரு பெண்ணை ஒரே மாதத்தில் தேடி அவள் தலையில் உன்னைக் கட்டுவதா என்று நான் சத்தம் போட்டேன். நாகஜோதி அதற்கு மேல் சத்தம் போட்டாள். உன் மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஏன் மச்சான், அந்தப் பயலுக்கு நாம இன்னும் காதே குத்தலையே" என்றார்.

உனக்கு மூன்று வயதில் காதணி விழா வைத்ததும் அது நின்றுபோனதும் உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. பத்திரிகையில் தாய்மாமன் பெயரைவிட உன் பெரியப்பா பெயர் ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் விழுந்துவிட்டது. சீர் வண்டியில் டி.கல்லுப்பட்டி வரை வந்த உன் மாமா அங்கே டீக்கடையில் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, ஆடு, பழத்தட்டு, மேளக்காரர்கள் எல்லோரோடும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள், மொய் மேசையே போடவில்லை. அந்தச் சாப்பாட்டுக் கணக்கை உன் அப்பா இன்றுவரை மறக்கவில்லை. பிறகு நாகஜோதி கல்யாணத்தில் இரண்டு பேரும் ராசியானார்கள், உன் காது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே மகனே, ஆவணி மூன்றாவது ஞாயிறு பேரையூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. இருபத்தேழு வயதில் உனக்குக் காதணி விழா. முகத்தைச் சுளிக்காதே. போன வருடம் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் பேரன் பேத்தி எடுத்தபிறகு, மொய்யைத் திருப்பி வாங்க வேறு வழியில்லாமல் தன் காதைக் குத்திக்கொண்டார், உன் அப்பா அதற்கும் ஐயாயிரத்தொன்று எழுதியிருக்கிறார். ராதாமணி அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், மனசு கேட்கவில்லை. ஆர்.டி.யைக் குறைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இம்புட்டு நாளா அவந்தானே கம்பெனிக்காரங்களுக்கெல்லாம் காது குத்துனான், இப்ப அவனுக்கு முறை வந்துருச்சு" என்றார்கள். அந்த ஐயாயிரம் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்கள், எனக்கு உயிர் வந்தது.

ஏற்பாடுகளைச் சொல்கிறேன். நீ மாமா மடியில் உட்கார வேண்டும். நீ எழுபத்தெட்டுக் கிலோ, அவருக்கு இடது முழங்காலில் போன வருடம்தான் ஆபரேஷன், அதனால் அவரைப் பெரிய நாற்காலியில் உட்காரவைத்து அவருக்கு முன்னால் உனக்கு ஒரு முக்காலி போட்டுவிடலாம் என்று முடிவு, வேட்டி மறைத்துக்கொள்ளும், போட்டோவில் மடி மாதிரியே தெரியும். மொட்டை கட்டாயம் என்று பூசாரி பிடிவாதமாக இருந்தார், ஓசூரில் புது வேலையில் சேர வேண்டிய பிள்ளை என்று மன்றாடி மூன்று கத்திரிப் பூமுடி போதும் என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன். செலவையும் கேட்டுக்கொள். மண்டபம், கறிச்சாப்பாடு, மைக் செட், எல்லாம் சேர்த்து ஒன்று அறுபது. ஆடு மூன்றும் மாமா சீர். வரவு, நாம் எழுதிய இரண்டு எழுபத்தாறு கூடுதலோடு திரும்பினால் நாலு லட்சத்துக்குக் கிட்டே வரும், அதற்கு முன்பு நாகஜோதி கல்யாணத்துக்கு அப்புறம் உன் அப்பா ஓய்வூதியத்தில் எழுதியது ஒன்று பத்து, புதிதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். என் மனக்கணக்கை நான் இனி நம்புவதில்லை, அதனால் உன் மாதிரியே கட்டம் கட்டிப் பேப்பரில் எழுதிப் பார்த்தேன். செலவு போக நாலு லட்சம் நிற்கும், நிற்காவிட்டால் என் கமிஷனில் நான் ஐந்து வருடமாகப் போட்டுவந்த ஆர்.டி. ஒன்று செப்டம்பரில் முடிகிறது, அதில் ஒரு லட்சத்துக்கு மேல் வரும். அது உன் அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அதுவும் மைக்கில் ஏறியிருக்கும், நீ வாயைத் திறக்காதே. ஒன்று மட்டும் மனதில் வை. இப்படி வருகிற பணம் லாபம் இல்லை, கடன். புதிதாக எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அவர்கள் வீட்டு விசேஷத்தில் நீ திருப்பி எழுதியாக வேண்டும். ஓசூர்ச் சம்பளத்தில் முதல் மாதமே என்னிடம் மூவாயிரம் ஆர்.டி. போட ஆரம்பித்துவிடு, விண்ணப்பப் படிவத்தை நானே கொண்டுவருகிறேன்.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவரைப் பற்றித்தான் நீ பயந்துகொண்டிருப்பாய். முதல் நாள் அவர், "வேலைன்னா அப்படித்தான் இருக்கும், காசு சும்மாவா குடுப்பான், பல்லக் கடிச்சுக்கிட்டு இன்னும் பதினோரு மாசம் இருக்கச் சொல்லு" என்றுதான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவர் தட்டில் ரசத்தை ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் டீயை வைத்துக்கொண்டு அவராகவே பேசினார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது டிப்போவுக்கு ஒரு ஆபீசர் நோட்டும் கையுமாக வந்து பத்து நாள் உட்கார்ந்தாராம். எந்த ரூட் நஷ்டம், யாரைக் குறைக்கலாம் என்று எழுதினாராம். பேரையூர் ரூட்டுக் கண்டக்டர்கள் எல்லோரும் அந்தப் பத்து நாளும் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்தார்களாம், உன் அப்பாவும் வாங்கிக்கொடுத்திருக்கிறார். என்னிடம் அவர் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. "நோட்டுல என் பேரு இருக்கான்னு அந்தாளு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். அந்த மாதிரியா இப்ப நம்ம பய மூஞ்சியப் பாக்குறாங்க" என்று கேட்டார். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

போனது அருள்பாண்டியின் அச்சாபீசுக்கு. நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். பத்திரிகையின் மாதிரி தயாராக இருந்தது. மாமா பெயரை எல்லோருடைய பெயரைவிடவும் பெரிய எழுத்தில் போடச் சொல்லி உன் அப்பாவே எழுதிக் கொடுத்திருக்கிறார், அதுவே எனக்கு அதிசயம். உன் பெயருக்குக் கீழே இரண்டு வரி, பம்பாய், மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட், படிப்பு, எல்லாம் இருந்தது. இதை எடுத்துவிடு என்றார். அருள்பாண்டிக்குப் புரியவில்லை, "அண்ணே, அதுக்காகத்தானே அண்ணே ஆளுக வருவாங்க, மொய் கூடுதலா விழுமே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், அந்த இரண்டு வரிக்கு ஐம்பதாயிரமாவது கூடுதலாக வரும், உன் அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் மகன்னு போட்டிருக்குல்ல, அது போதும், அதுக்கு வர்றவன் வந்தாப் போதும்" என்றார். இந்த ஊரில் ஒரு பட்டம் கிடைத்தால் இரண்டாகப் போடச் சொல்கிற மனிதர், தன் கையாலேயே பேனாவை வாங்கி அந்த இரண்டு வரியையும் அடித்தார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

ஆகவே குமரா, வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக ராஜினாமாவைக் கொடுத்துவிடு. இரண்டு மாத நோட்டீஸ் முடிவதற்குள் பணம் உன் கையில் இருக்கும், அது என் பொறுப்பு. மாத்திரையை மறக்காதே, ராத்திரி காபி வேண்டாம், அந்த ஒன்பதாயிர ரூபாய் ஷூவை மண்டபத்து வாசலில் கழற்றி வைத்துவிடாதே, காணாமல் போனால் தவணை மட்டும் மிஞ்சும். விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. கருப்பசாமி உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், நீ நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, யார் முகத்தையும் நேருக்கு நேர் பார்த்து நூறு வருடம் இருக்க வேண்டும். கடிதத்தை மடிக்கும் நேரத்தில் உன் அப்பா வந்து எட்டிப் பார்த்தார். நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள் என்றேன். எழுத வராது, நீயே சேர்த்து எழுது என்று சொல்லி, முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் சொன்னதையே உனக்கும் சொல்லச் சொன்னார்: "நீ மொதல்ல எறங்குப்பா, சில்லறைய அப்புறம் பாத்துக்கலாம்."

இப்படிக்கு,
உன்னைக் காணக் காத்திருக்கும் அம்மா
மொ. முனீஸ்வரி